கூப்பிட்டால் வருகிற நாய்
பண்ணைக்காட்டில் காபித் தோட்டத்துக்கு நாய் இல்லாமல் சரிப்படாது. ஆனால், சொல்பேச்சு கேட்காத நாயால் உயிருக்கே ஆபத்து. எங்க கோம்பை நாய் காட்டுமாட்டைத் துரத்திப் போய், அதை என் பக்கமே திருப்பி விட்டுவிட்டது. சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கித் தப்பித்தேன்.

அன்றிலிருந்து ‘வா’ என்ற ஒரே சொல்லைப் பழக்கினேன். நீளக் கயிற்றில் கட்டி, தினம் 3 வேளை, 5 நிமிடம். வந்ததும் அவித்த முட்டையில் ஒரு துண்டு. வீட்டில் எல்லாருக்கும் அதே சொல்தான். தாமதமாக வந்தாலும் அடிக்கக் கூடாது. அடித்தால் அடுத்த தடவை வரவே வராது. முதலில் முற்றம், பிறகு கோழி மேயும் இடம், கடைசியில்தான் தோட்டம்.

2 மாதமாச்சு. போன வாரம் மிளகுக்கொடி ஓரமா காட்டுமாடு நின்றது. ‘வா’ன்னேன். திரும்பி வந்துட்டான்.