இருவர்க்கு ஒருவராய்ப் பணியேற்றல்

தொழில் நாடிச் செல்வோர் முன் இக்காலத்தில் வரும் பதவிகளுள் ஒன்று, இருவர்க்குப் பொதுவான நிறைவேற்று உதவியாளர் பதவியாகும். ஒரு நிறுவனத்தின் பணிப்பாளர் இருவர்க்கு ஒருவரே கடிதம் வரைதலும், நாட்குறிப்புப் பேணலும், கூட்டம் ஒழுங்கு செய்தலும், வருவோர்க்கு விடையிறுத்தலும் அதன் இயல்பு. மலைநாட்டுத் தோட்டங்களிற் பிறந்து, கல்வியால் உயர்ந்து, கொழும்பிலும் கண்டியிலும் அலுவலகம் புகும் இளைஞர்க்கு இது பெருவாய்ப்பாகத் தோன்றும். குடும்பத்தில் முதன்முதலாக எழுதுகோல் பிடித்து ஊதியம் பெறுபவர், சம்பளம் எவ்வளவு என்று கேட்பார்; இருவர் சொல்லும் மாறுபடின் யாது செய்வது என்று கேட்கத் தயங்குவார். அவ்வினாவே முதற்கண் கேட்கற்பாலது என்பதை ஈண்டு விளக்குவாம்.

திருக்குறளில் ‘மன்னரைச் சேர்ந்தொழுகல்’ என ஓர் அதிகாரம் உண்டு. அரசனை அடுத்து வாழ்வான் அவன் குறிப்பறிந்து, காலம் நோக்கி ஒழுகும் முறையை அது கூறும். ஒருவர் குறிப்பை அறிந்தொழுகுதலே அரிதெனின், இருவர் குறிப்பையும் ஒரே வேளையில் அறிந்தொழுகுதல் எத்துணை அரிது என்பது சொல்லாமலே விளங்கும்.

இருபுறமும் நின்ற பதவிக்கு எமது மலைநாட்டு வரலாற்றிலேயே சான்று உண்டு. தலைமைக் கங்காணி தமிழகத்துக் கிராமங்களில் ஆள் திரட்டித் தோட்டங்களுக்குக் கொணர்ந்தார். துரைக்கு அவர் ஏவல் செய்பவர். தொழிலாளர்க்கோ அவர்தம் குறையைத் துரையிடம் எடுத்துரைக்க வேண்டிய பெரியவர். ஆயின், நாள்தோறும் வேலைக்கு வந்தோரின் தொகைப்படி, தலைக்கு இவ்வளவு என்று தோட்டம் அவர்க்குப் பணம் கொடுத்தது. நோயுற்றான் ஒருவனுக்கு ஓய்வு கேட்டுப் பேசினால், அன்றைய வருவாயில் அவர்க்கே குறைவு நேர்ந்தது. தொழிலாளரோ அவரிடம் கடன்பட்டிருந்தனர். கடனைக் குறித்த ‘துண்டு’ அவர்களைப் பிணித்திருந்தது. அம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கங்காணிகளுள் நல்லாரும் இருந்தனர். எனினும் பதவியின் அமைப்பு நல்லாரையும் ஒருபுறம் இழுத்தது. எல்லை வகுக்கப்படாத இரட்டைப் பணியில், ஊதியம் எப்பக்கத்திலிருந்து வருகின்றதோ அப்பக்கமே தராசு சாயும் என்பது இதனால் அறியப்படும்.

அலுவலகத்திலும் இஃது ஒக்கும். இரு பணிப்பாளருள் ஒருவர் சம்பள உயர்வைப் பரிந்துரைப்பவராகவும், மற்றவர் வேலை மட்டும் தருபவராகவும் இருப்பின், பின்னவரின் கடிதங்கள் மேசையின் அடியிற் கிடக்கும். உதவியாளர் வேண்டுமென்றே அவ்வாறு செய்வதில்லை. தம் வாழ்வு எவர் கையில் உள்ளதோ அவர் வேலை தானே முந்தி நிற்கும். ஈற்றில் இருவர் சினத்துக்கும் அவரே ஆளாவார்.

அங்ஙனமாயின் இத்தகைய பதவியை விலக்குவதே நன்றோ? அன்று. வி. பி. மேனன் வரலாறு இதற்கு மறுதலையான சான்று. எழுத்தராக அரசுப் பணியைத் தொடங்கி உயர்ந்த அவர், 1947இல் இராசப் பிரதிநிதி மவுண்ட்பேட்டனுக்கு அரசியலமைப்பு ஆலோசகராயிருந்தார். அவ்வாண்டு சூலைத் திங்களிற் சுதேச சமத்தானங்களுக்கெனத் தனித் திணைக்களம் அமைந்தபொழுது, அதன் செயலாளராகும்படி சர்தார் பட்டேல் அவரை அழைத்தார். ஓய்வுபெற எண்ணியிருந்த மேனன் அதனை ஏற்றார். பாதுகாப்பு, வெளியுறவு, போக்குவரத்துத் தொடர்பு என்னும் மூன்றையும் ஒப்படைத்துச் சமத்தானங்கள் இந்தியாவுடன் இணையலாம் என்னும் திட்டத்தைப் பட்டேலின் இசைவோடே மவுண்ட்பேட்டனிடம் கொண்டு சென்றார். ஈண்டு நோக்கத்தக்கவை இரண்டு: ஒருவர்க்குச் செய்யும் பணியை மற்றவர் அறிந்திருந்தார், இருவரும் ஒரே காரியத்தின் நிறைவை விரும்பினர். இவ்விரண்டும் அமைந்தவிடத்து இரட்டைப் பணி சுமையாகாது, வலிமையாயிற்று.

மூன்றாவதாகக் கருதற்பாலது காலம். எமது உடப்புசல்லாவைத் தேயிலை ஆண்டில் இருமுறை தரம் சிறந்து விளங்கும். சூலை முதல் செத்தெம்பர் வரை ஒன்று, ஆண்டின் தொடக்கத்து வறண்ட குளிர்காலத்தில் மற்றொன்று. இரு பருவமும் வெவ்வேறு திங்களில் வருதலால் ஒரே செடி இரண்டிலும் நற்கொழுந்து தருகின்றது. பணியும் அத்தகையதே. ஒருவர் வேலை மாத முடிவிலும், மற்றவர் வேலை மாத நடுவிலும் மிகுமாயின் ஒருவரால் இரண்டையும் தாங்க இயலும். இருவர் கணக்கும் ஒரே நாளில் முடிக்க வேண்டியதாயின், எத்துணைத் திறமையும் போதாது.

ஆதலின், பதவி ஏற்குமுன் நான்கு வினாக்களுக்கு விடை பெறுதல் வேண்டும். இருவர் கட்டளையும் முரணுமிடத்து முடிவு கூறுவார் யார்? பணித்திறம் பற்றிய அறிக்கையை எழுதுவார் ஒருவரோ, இருவரோ? ஒருவரின் மறைபொருளை மற்றவர் வினவினால், சொல்லாதிருக்கும் உரிமை உதவியாளர்க்கு உண்டோ? வேலை மிகும் காலம் இருவர்க்கும் ஒன்றோ, வேறோ? இவற்றை இருவரும் உடனிருக்கும்போது பணிவுடன் கேட்டு, விடையை எழுத்தில் பெறுக. கேட்பது துடுக்காகும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அலுவலக ஒழுங்கை அறிந்தவர் இவர் என்றே நல்ல தலைவர் மதிப்பர். முதல் வினாவுக்கு இருவரும் ஒருவரையொருவர் நோக்கி மௌனம் சாதிப்பாராயின், அம்மௌனத்தையே விடையாகக் கொள்க.

தெளிந்த விடை கிடைப்பின் தயங்காது ஏற்கலாம். இரு துறைகளின் நடைமுறையை ஓரிடத்திலிருந்து கற்கும் பேறு எளிதிற் கிடைப்பதன்று. விடை கிடையாவிடின், வீட்டின் தேவை எத்துணை நெருக்கினும், இன்னொரு வாயில் தட்டிப் பார்த்தலே நலம். வேறு வழியின்றி ஏற்பவர், நாள்தோறும் இருவர் இட்ட வேலையையும் ஒரே பட்டியலில் எழுதி இருவர்க்கும் காட்டுக. எதனை முந்திச் செய்வது என்னும் பொறுப்பு அப்பொழுது உதவியாளரைவிட்டு நீங்கி, அதற்கு உரியவரைச் சேரும்.