அச்சடிக்கும் முன் ஒரு தடவை போட்டுப் பாருங்கள்

சில மாதங்களுக்கு முன் மருமகன் முறையான ஓர் இளம் ஆசிரியர் என் கடைக்கு வந்தார். கையில் தடித்த ஃபைல் ஒன்று.

"மாமா, நாவல் ஒண்டு எழுதி முடிச்சிட்டன். 500 பிரதி அடிக்க பேங்கில லோன் எடுக்கப் போறன். நீங்களும் கொஞ்சம் உதவி செய்யணும்" என்றார்.

"யாராவது வாசிச்சாங்களா மகன்?" என்று கேட்டேன்.

"கூட்டாளி ஒருத்தர் எழுத்துப் பிழை பார்த்தார்."

நான் புடவை வியாபாரி. நல்ல தையற்காரர் உடுப்பை ஒரேயடியாகத் தைத்துக் கொடுத்துவிட மாட்டார். முதலில் தற்காலிகமாக நூலோட்டி, ஆளுக்குப் போட்டுப் பார்ப்பார். தோள் இறங்கியிருந்தால் பிரித்துத் தைப்பார். அயன் பண்ணுவது கடைசி வேலை. எழுத்துப் பிழை பார்ப்பது அயன் பண்ணுவதைப் போன்றது. கை மாறித் தைத்த சட்டையை எவ்வளவு அயன் பண்ணினாலும் சரிவராது.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இந்தப் 'போட்டுப் பார்க்கும்' வேலை ஒரு தனித் தொழில். அதைச் செய்பவரை 'டிவலப்மென்டல் எடிட்டர்' என்கிறார்கள். அவர் கமாவையும் முற்றுப்புள்ளியையும் தேடுவதில்லை. கதை எங்கே தொடங்க வேண்டும், யாருடைய கண்ணால் சொல்லப்பட வேண்டும், நடுவில் ஏன் தொய்கிறது, பாத்திரம் அப்படி நடப்பதற்குக் காரணம் உண்டா, முடிவு பொருந்துகிறதா என்றுதான் பார்ப்பார். பிறகு பல பக்கங்களில் ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பார். திருத்தி எழுதுவது எழுத்தாளரின் பொறுப்பு.

இதன் பலன் என்ன என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். 1957இல் ஹார்ப்பர் லீ என்ற இளம் பெண் தனது முதல் நாவலை லிப்பின்கொட் பதிப்பகத்திடம் கொடுத்தார். அங்கே எடிட்டராக இருந்த டே ஹோஹோஃப் என்ற அம்மையார் அவரிடம் திறமை இருப்பதைக் கண்டார். ஆனால் அந்தப் பிரதி ஒரு முழு நாவலாக இல்லை, துண்டு துண்டான சம்பவங்களாகவே இருந்தது. இரண்டு வருடங்களுக்கு மேல் இருவரும் உழைத்தார்கள். வளர்ந்த பெண்ணின் கதை சிறுமியின் கதையாக மாறியது. 1960இல் 'டு கில் எ மொக்கிங்பேர்ட்' வெளிவந்தது. 1961இல் புலிட்சர் பரிசு பெற்றது. இன்றுவரை கோடிக்கணக்கில் விற்றிருக்கிறது. முதற் பிரதி 2015இல் தனிப் புத்தகமாக வந்தபோது இரண்டுக்கும் இடையிலிருந்த தூரத்தை உலகமே கண்டது.

இனி வியாபாரிக்குரிய கேள்வி: இதில் வருமானம் எப்படி? பதிப்பகத்தில் சம்பளத்துக்கு இருப்பவர்களும் உண்டு, சொந்தமாகச் செய்பவர்களும் உண்டு. சொந்தமாகச் செய்பவர்கள் பெரும்பாலும் சொல்லுக்கு இவ்வளவு என்று பேசுகிறார்கள். 80,000 சொற்கள் கொண்ட நாவலுக்கு, சொல்லுக்கு 3 சதம் என்றால் 2,400 டொலர். பெரிய தொகை போலத் தெரியும். ஆனால் இரண்டு தடவை வாசித்துக் கடிதமும் எழுத 60 மணித்தியாலம் சென்றால், மணிக்கு 40 டொலர்தான். வரியும் அதிலிருந்தே. ஓய்வூதியம் இல்லை, லீவுச் சம்பளமும் இல்லை.

முதல் போட வேண்டியதில்லை, லைசன்ஸும் கேட்பதில்லை. அதனால் யாரும் போர்ட் மாட்டிக்கொள்ளலாம். ஆகவே எழுத்தாளர் முதலில் சில பக்கங்களைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அந்த எடிட்டர் முன்னர் செய்த புத்தகங்கள் எவை என்றும் விசாரிக்க வேண்டும். "புத்தகம் வெளிவருவதற்கு நான் கெரன்டி" என்பவரிடம் காசு கொடுக்கக் கூடாது. நேர்மையான எடிட்டர் அப்படி வாக்குக் கொடுக்கவே மாட்டார்.

இந்தத் தொழிலில் பெயர் பின்னால் நிற்க வேண்டும். ஸ்க்ரிப்னர்ஸ் பதிப்பகத்தின் மெக்ஸ்வெல் பேர்கின்ஸ் இத்துறையில் பேர்போனவர். ஃபிட்ஸ்ஜெரல்டின் 'தி கிரேட் கெட்ஸ்பி' பிரதியை 1924இல் வாசித்துவிட்டு, மனதாரப் பாராட்டினார். கதாநாயகன் தெளிவில்லாமல் இருக்கிறான், அவனுக்குப் பணம் வந்த வழிக்கும் ஒரு குறிப்பு வேண்டும் என்றும் எழுதினார். ஃபிட்ஸ்ஜெரல்ட் திருத்தினார். தோமஸ் வூல்ஃபின் மலை போன்ற பிரதிகளை வெட்டிச் சுருக்கியவரும் இவரே. 1935இல் வூல்ஃப் நன்றியோடு ஒரு நாவலை அவருக்குச் சமர்ப்பணம் செய்தார். "பேர்கின்ஸ் இல்லாவிட்டால் வூல்ஃப் இல்லை" என்று ஊர் பேசத் தொடங்கியது. அந்தப் பேச்சும் ஒரு காரணமாக, 1937இல் வூல்ஃப் அந்தப் பதிப்பகத்தை விட்டே போனார்.

நம் நாட்டில் தமிழ் எழுத்தாளர் பலருக்குப் பதிப்பாளரும் அவரே, விற்பனையாளரும் அவரே. வெளியீட்டு விழாவில் வரும் கவர்கள் பிரஸ் கடனுக்குப் போதாவிட்டால், மிச்சப் பிரதிகள் கட்டிலுக்குக் கீழே பெட்டியில் கிடக்கும். லோன் மட்டும் மாதாமாதம் வெட்டுப்படும்.

மருமகனிடம், "லோன் இருக்கட்டும். முதலில் வாசிக்கிறதுக்குக் காசு கொடுப்போம்" என்றேன். நிறைய நாவல் வாசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவருக்கு 15,000 ரூபா கொடுத்து வாசிக்கக் கேட்டேன். மருமகனுக்கு மனம் நொந்துவிட்டது. தேநீர் கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

மூன்று வாரத்தில் ஆறு பக்கக் கடிதத்தோடு திரும்பி வந்தார். "மாமா, எட்டாம் அத்தியாயத்திலதான் கதை தொடங்குதாம்" என்றார். முகத்தில் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் முதல் ஏழு அத்தியாயங்களையும் அவரே எடுத்துவிட்டார். இப்போது மீண்டும் எழுதிக்கொண்டிருக்கிறார்.

புத்தகம் விற்குமா என்று எனக்குத் தெரியாது. லோன் இன்னும் எடுக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.