கிரேக்க நாட்டுத் தயிர்ப் பச்சடி

பாணைத் தோய்த்து உண்பதற்குக் கிரேக்கர் செய்யும் வெள்ளரித் தயிர்ப் பச்சடிக்குச் ‘சட்சீக்கி’ என்று பெயர். துருக்கியரின் ‘ஜஜிக்’ இதற்கு உறவாகும். அவர்கள் நீர் சேர்த்து இளக்குவர். கிரேக்கரோ நீரை அகற்றிக் கெட்டியாக்குவர். இதனை உணராது நாம் முதன்முறை செய்தபோது, விருந்தினர் அமருமுன்னரே கிண்ணத்தில் நீர் தேங்கிவிட்டது.

ஆதலின், முதலில் 500 கிராம் எருமைத் தயிரைத் துணியில் முடிந்து, குளிர்ப்பெட்டியில் 4 மணி நேரம் வடியவிடுதல் வேண்டும். ஒரு வெள்ளரிக்காயைத் துருவி உப்பிட்டால், அரைமணியில் அதன் நீர் வெளிப்படும்; இறுகப் பிழிக. நசுக்கிய உள்ளிப் பற்கள் 2, ஒலிவ எண்ணெய் 2 மேசைக்கரண்டி, வினாகிரி 1 தேக்கரண்டி சேர்த்து யாவற்றையும் கலந்து குளிரவிடுக. காயில் உப்பிருத்தலால், சுவைத்துப் பார்த்த பின்னரே மேலும் உப்பிடுக.

மறுமுறை நாம் இவ்வாறே செய்தோம். கிண்ணத்தில் ஒரு துளி நீரும் தேங்கவில்லை, பச்சடியும் மிஞ்சவில்லை.