அபாயமே இயல்பு நிலை

ஓடுகிற ரயில் வண்டியை நினைத்த மாத்திரத்தில் நிறுத்திவிட முடியாது. எஃகின்மீது எஃகு உருள்வதால் உராய்வு சொற்பம், ஆதலால் வேகமாய் வரும் வண்டி பிரேக் போட்ட பின்னும் வெகுதூரம் ஓடித்தான் ஓயும். முன்னால் நிற்கும் வண்டி டிரைவரின் கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும் என்பதனாலேயே கைகாட்டி மரங்கள் தோன்றின.

அந்தக் கைகாட்டியே பொய் சொன்னால் என்ன ஆகும் என்பதை, 1876 ஜனவரி 21ஆம் தேதி இங்கிலாந்தில் ஆபட்ஸ் ரிப்டன் என்னும் சிற்றூரில் நேர்ந்த பயங்கரம் காட்டியது. அந்நாளில் கைகாட்டி எப்பொழுதும் 'போகலாம்' என்றே இருக்கும். தடுக்க வேண்டியபோது மட்டும் அதை மாற்றுவார்கள். 'போகலாம்' என்னும் நிலையில் அதன் கை, கம்பத்தில் வெட்டிய பிளவுக்குள் ஒடுங்கியிருக்கும். அன்று விழுந்த பனி அப்பிளவில் இறுகி உறைந்துவிட, நெம்புகோலை மாற்றியும் கை வெளிவரவில்லை. லண்டனை நோக்கி விரைந்த ஸ்காட்லாந்து எக்ஸ்பிரஸ், பக்கப் பாதைக்கு ஒதுங்கிக்கொண்டிருந்த கரி வண்டியில் மோதிற்று. சிதறிக் கிடந்த பெட்டிகளின்மீது, எதிர்த் திசையில் லீட்ஸுக்குப் போன வண்டியும் வந்து மோதிற்று.

இதன் பிறகே, 'நில்' என்பதுதான் கைகாட்டியின் இயல்பு நிலையாயிற்று. கம்பி அறுந்தால்கூட எதிர்எடை கையைக் கிடைநிலைக்குக் கொண்டுவந்துவிடும் நம் ஊர்க் கைகாட்டிகளிலும் விளங்குவது இந்தத் தத்துவமே.

இதே தத்துவத்தை மின்சாரத்தில் அமைத்தவர் அமெரிக்கரான வில்லியம் ராபின்சன். 1872இல் அவர் காப்புரிமை பெற்ற 'டிராக் சர்க்யூட்' எளிமையின் சிகரம். பாதையின் ஒரு துண்டில், ஒரு முனையில் பாட்டரி. மறு முனையில் ரிலே. தண்டவாளங்களின் வழியே மின்சாரம் பாயும்வரை ரிலேயின் காந்தம் ஒரு சிறு தகட்டைத் தூக்கிப் பிடித்திருக்கும், சிக்னல் பச்சை காட்டும். வண்டி நுழைந்ததும் மின்சாரம் சக்கரங்களின் அச்சு வழியாகவே குறுக்கே திரும்பிவிட, காந்தம் சக்தியிழந்து தகடு தன் கனத்தாலேயே விழுகிறது, சிக்னல் சிவக்கிறது. பாட்டரி தீர்ந்தாலும் சரி, தண்டவாளமே முறிந்தாலும் சரி, தகடு விழத்தான் செய்யும். கோளாறு எதுவாயினும் அது வண்டியை நிறுத்தும் பக்கமாகவே சாய வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டைவிட மேலான சிந்தனை ரயில்வே சாஸ்திரத்தில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆயினும், உண்மை சொல்லும் சிக்னலை மூடுபனியிலோ அயர்விலோ மனிதக் கண் தவறவிட்டால் அதனால் பயன் இல்லை. அந்தக் குறையை நிரப்ப வந்ததே, 2020இல் நம் நாடு தனக்கென ஏற்றுக்கொண்ட 'கவச்'. பாதையில் பதித்த அடையாளச் சில்லுகளிலிருந்து இடத்தையும், ரேடியோ மூலம் சிக்னலின் நிலையையும் அறியும் இந்த யந்திரம், டிரைவர் சிவப்பைக் கவனியாதிருந்தால் தானே பிரேக்கைப் போட்டுவிடும். லட்சோபலட்சம் பிரயாணிகளைச் சுமக்கும் நம் பாதைகளில் ஒன்றுகூட விடுபடாமல், தாமதமின்றி இது அமைந்தாக வேண்டும்.