புயல் நிவாரணம்: பெட்டி கப்பல் ஏறும் முன்

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையைப் புரட்டிப்போட்டது. 600 பேருக்கு மேல் இறந்தார்கள். மலையகத்தில் மண்சரிவு குடியிருப்புகளை அப்படியே மூடியது. இப்படி ஒரு செய்தி வந்தால் மும்பைத் தமிழர்களின் கை தானாகவே பைக்குள் போகும். தாராவி 90 அடி சாலையில் உண்டியல் குலுங்கும், மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பழைய சேலைகள் அட்டைப்பெட்டிகளில் நிறையும். டிட்வாவின்போது கொழும்பு தானே முன்வந்து உதவி கேட்டது. எல்லா அரசுகளும் அப்படிக் கேட்பதில்லை.

2008 மே 2 அன்று நர்கிஸ் புயல் மியன்மாரின் ஐராவதி டெல்டாவைத் தாக்கியது. செட்டிநாட்டுப் பணமும் பாய்ந்து நெல்வயலான பூமி அது. இறந்தவர், காணாமல் போனவர் சேர்த்து சுமார் 1,38,000 பேர். ராணுவ ஆட்சியோ மே 10 அன்று அரசியல் சாசன வாக்கெடுப்பு நடத்துவதிலேயே குறியாக இருந்தது. வெளிநாட்டு நிவாரணப் பணியாளர்களுக்கு விசா தராமல் இழுத்தடித்தது. உலக உணவுத் திட்டம் விமானத்தில் அனுப்பிய பிஸ்கட்டைப் பறிமுதல் செய்தது. அமெரிக்க, பிரெஞ்சுக் கப்பல்கள் கடலில் காத்துக் கிடந்து, கரையில் சரக்கை இறக்காமலே திரும்பின. டெல்லியோடு உறவு இருந்ததால் இந்தியப் போர்க்கப்பல்கள் மட்டும் முதல் வாரத்திலேயே யாங்கூன் போய்ச் சேர்ந்தன.

இப்படி உதவியை மறிக்கும் அரசைத் தட்டிக்கேட்கச் சர்வதேசச் சட்டம் பெரிதாக உதவாது. பாதிக்கப்பட்ட நாட்டின் சம்மதத்தோடுதான் உதவி போக வேண்டும் என்கிறது ஐ.நா.வின் 1991ஆம் ஆண்டுத் தீர்மானம். சம்மதம் இல்லாமல் கிளம்பிய கப்பலின் கதை நமக்கே தெரியும். 2009இல் புலம்பெயர் தமிழர்கள், இலங்கைப் போரில் சிக்கிய வன்னி மக்களுக்காக ‘வணங்காமண்’ என்று பெயரிட்டு 884 டன் பொருள் அனுப்பினார்கள். இலங்கைக் கடற்படை ஜூன் மாதம் அந்தக் கப்பலை மறித்துத் திருப்பி அனுப்பியது. பொருட்கள் சென்னை வந்து, வேறு கப்பல் மாறி, கொழும்புத் துறைமுகத்தில் மாதக்கணக்கில் கிடந்தன. அவை யாருக்காகச் சேர்க்கப்பட்டனவோ அவர்களுக்கு, தேவைப்பட்ட நாளில், ஒரு பால்மாவு டின்கூடப் போகவில்லை.

பணமாக அனுப்பினால் சிக்கல் தீருமா? அதிலும் ஓட்டை உண்டு. நர்கிஸுக்காக வந்த டாலர்களை அரசு சொன்ன விகிதத்தில் மாற்ற வேண்டியிருந்ததால் சுமார் ஒரு கோடி டாலர் கரைந்துபோனதை ஐ.நா.வே ஒப்புக்கொண்டது. ‘அந்த அரசுக்குத்தானே போகிறது, கொடுக்கவே வேண்டாம்’ என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. தளபதிகள் யாரும் பட்டினி கிடக்கப்போவதில்லை. கொடுங்கள், ஆனால் புயலுக்கு முன்பே அந்த ஊரில் வேலை செய்துகொண்டிருந்த அமைப்புக்குக் கொடுங்கள். 2023இல் மோக்கா புயல் மியன்மாரின் ராக்கைன் மாநிலத்தைச் சிதைத்தபோது, உதவி அமைப்புகளின் பயண அனுமதியை ராணுவம் ஜூன் மாதம் நிறுத்திவைத்தது. அப்படி வாசல் அடைபடும்போது உள்ளூர் மடமும் மருத்துவரும்தான் மிஞ்சுகிறார்கள்.

அவர்களிடம் போட்டோ மட்டும் கேட்காதீர்கள். நமக்கு பேனர் பிடித்துப் படம் எடுத்தால்தான் தானம் செய்த திருப்தி. அங்கே அந்தப் படம் போலீஸ் கையில் சாட்சி. நர்கிஸ் பகுதிகளுக்கு நிவாரணம் கொண்டுபோய், கண்டதை வெளிநாட்டு ஊடகங்களிடம் சொன்ன பர்மிய நகைச்சுவைக் கலைஞர் சர்கனார் 2008 ஜூனில் கைதானார். முதலில் 59 ஆண்டு தண்டனை, பிறகு 35 ஆகக் குறைந்தது, 2011இல்தான் விடுதலை.

மும்பையில் பணம் திரட்டுவோருக்கும் விதி உண்டு. பதிவு பெற்ற பொது அறக்கட்டளையாக இல்லாதவர்கள் பொதுமக்களிடம் நன்கொடை வசூலித்தால், மகாராஷ்டிர பொது அறக்கட்டளைச் சட்டத்தின் 41சி பிரிவுப்படி அறநிலைய ஆணையர் அலுவலகத்துக்குத் தெரிவித்து, பிறகு கணக்கும் காட்ட வேண்டும். கணபதி மண்டல்கள் ஆண்டுதோறும் செய்வது இதைத்தான். பதிவு பெற்ற அறக்கட்டளை என்றாலும், தன் வருமானத்தை இந்தியாவுக்கு வெளியே செலவிட்டால் வரிவிலக்குக்கு நேரடி வரிகள் வாரியத்தின் ஒப்புதல் தேவை. வெளிநாட்டு அமைப்புக்கு நேராகக் கொடுத்த பணத்துக்கு நன்கொடைக்கான வரிச் சலுகை கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு, உள்நாட்டில் கொடுத்தாலும் இல்லை.

தனி ஆள் வங்கி வழியாக, ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை, நன்கொடையும் சேர்த்து, வெளிநாட்டுக்கு அனுப்பலாம். மியன்மார் 2022 அக்டோபர் முதல், கறுப்புப் பணப் பரிமாற்றத்தைக் கண்காணிக்கும் எஃப்.ஏ.டி.எஃப். அமைப்பின் கறுப்புப் பட்டியலில் இருப்பதால் வங்கி ஆயிரம் கேள்வி கேட்கும். அதற்குச் சலித்து ஹவாலாக்காரரைத் தேடிப் போனால், அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின்படி தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் உங்கள் தலையில் விழும். வளைகுடாவில் இருக்கும் மச்சான் இங்குள்ள சங்கத்துக்கு அனுப்பும் பணம் பற்றியும் பலருக்குக் குழப்பம். அவர் இந்திய பாஸ்போர்ட்டுடன், சொந்தச் சேமிப்பிலிருந்து, வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரே கனடாவின் குடிமகன் ஆகிவிட்டால் கதை வேறு. வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.வின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாத சங்கம் அதைத் தொடக்கூடாது.

வாட்ஸ்அப்பில் வரும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்ததும் திரையில் எந்தப் பெயர் வருகிறது என்று பாருங்கள். நோட்டீஸில் ‘நிவாரண நிதி’ என்று இருக்கும், திரையில் யாரோ ஒருவரின் தனிப்பெயர் வரும். அங்கேயே நிறுத்துங்கள். கொடுப்பதற்கு முன் பதிவு எண், பான் எண் உள்ள ரசீது கிடைக்குமா என்று கேட்பது உங்கள் உரிமை. அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவும் முன் புகார் போனால்தான் முடக்க முடியும். நேரில் வசூலித்த பணத்துக்குக் கணக்குக் காட்டாதவர்கள் மீது உள்ளூர் காவல் நிலையத்தில் பாரதிய நியாய சம்ஹிதையின் 316, 318 பிரிவுகளின் கீழ் நம்பிக்கை மோசடி, ஏமாற்று எனப் புகார் தரலாம். அதன் நகலை வொர்லியில் உள்ள அறநிலைய ஆணையர் அலுவலகத்திலும் கொடுத்து முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.