சிதம்பரத்தில் பிறந்த விஞ்ஞானியும் உங்கள் கையிலுள்ள மாத்திரையும்

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் காய்ச்சலுடன் நம் மருத்துவமனைக்கு வருவோரில் வயல் வேலை செய்வோர் பலர். சம்பா வயலில் தேங்கிய நீரில் எலியின் சிறுநீர் கலந்திருந்தால், காலிலுள்ள வெடிப்பு அல்லது சிறு காயத்தின் வழியாக எலிக்காய்ச்சல் கிருமி உடலுக்குள் நுழைகிறது. புதர்களிலுள்ள மிகச் சிறிய உண்ணி கடிப்பதால் வருவது ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சல். இவ்விரண்டுக்கும் நாங்கள் பெரும்பாலும் எழுதித் தரும் ஆன்டிபயாடிக் மாத்திரை டாக்சிசைக்ளின்.

“இரண்டே நாளில் காய்ச்சல் விட்டுவிட்டது, மீதி மாத்திரை எதற்கு?”, “மிச்சமிருந்ததைப் பிள்ளைக்குக் கொடுத்தோம், ஏன் கேட்கவில்லை?” என்ற இரு கேள்விகளை நாங்கள் அடிக்கடி எதிர்கொள்கிறோம். இவற்றுக்கு விடை காண உதவியவர்களுள் ஒருவர், காவிரிப் படுகையின் வட எல்லையிலுள்ள சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன்.

துறை மாறியவர்

அவர் மருத்துவம் படித்தவர் அல்லர். பரோடாவில் இயற்பியலில் பட்டம் பெற்று, 1976இல் அமெரிக்காவின் ஒஹையோ பல்கலைக்கழகத்தில் அதே துறையில் முனைவரானார். ஆனால் அக்காலத்தில் பெரிய கண்டுபிடிப்புகள் உயிரியலில் நிகழ்வதைக் கண்டு, முனைவர் பட்டம் பெற்ற பின்னரும் சான் டியேகோவில் உயிரியல் மாணவராக மீண்டும் சேர்ந்தார். 1978இல் யேல் பல்கலைக்கழகத்தில் ரைபோசோம் ஆய்வைத் தொடங்கினார். ஏறத்தாழ நாற்பது வயதில், படிக எக்ஸ் கதிர் முறையைக் கற்பதற்காக இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகருக்குச் சென்று மூன்றாம் முறையும் மாணவரானார். 2000ஆம் ஆண்டில்தான் அந்த உழைப்பு முழுப் பயன் தந்தது. பாக்டீரியாவின் ரைபோசோமிலுள்ள சிறு பகுதியின் அணு அமைப்பை அவரது குழு வெளியிட்டது. இவ்வாய்வுகளுக்காக 2009இல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் அவர் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ரைபோசோம் என்பது என்ன?

திருபுவனத்துப் பட்டுத்தறியை நினைத்துக்கொள்ளுங்கள். துளையிட்ட ஜக்கார்டு அட்டை சொல்கிறபடி இழைகள் உயர்ந்து தாழ, சேலையில் புட்டா விழுகிறது. உயிரணுவினுள் இருக்கும் தறிதான் ரைபோசோம். மரபுச் செய்தியை மும்மூன்று எழுத்துகளாக அது படிக்கிறது. அதன்படி அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதம் செய்கிறது. ஒரு மில்லிமீட்டரை நாற்பதாயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவே அதன் அளவு. கற்கண்டுபோல் ரைபோசோமைப் படிகமாக்கி, அதன்மேல் எக்ஸ் கதிரைச் செலுத்தி, கதிர் சிதறும் விதத்தைக் கணக்கிட்டே அதன் வடிவத்தை அறிய முடிந்தது. உயிரியல் கேள்விக்கு இயற்பியல் பயிற்சி கைகொடுத்த இடம் இதுவே.

மருந்து வேலை செய்யும் இடம்

பாக்டீரியாவின் தறியும் மனித உயிரணுவின் தறியும் ஒரே வேலையைச் செய்தாலும் அமைப்பில் சற்று வேறுபடுகின்றன. டாக்சிசைக்ளின் பாக்டீரியாத் தறியின் சிறு பகுதியில் அமர்ந்து, அடுத்த இழை வந்து சேராமல் தடுக்கிறது. காசநோய்க்குத் தரப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசினும் சிறு பகுதியையே தாக்குகிறது. அசித்ரோமைசின் பெரிய பகுதியைத் தாக்குகிறது. புரதம் செய்ய இயலாத கிருமி பெருக முடியாது. மற்றதை உடலின் எதிர்ப்பாற்றல் முடித்துவைக்கிறது.

இனி அவ்விரு கேள்விகளுக்கு வருவோம். டெங்கு, சளிக்காய்ச்சல் ஆகியவை வைரஸால் வருபவை. வைரஸுக்குச் சொந்தத் தறி இல்லை. அது நம் உயிரணுவின் தறியையே பயன்படுத்திக்கொள்கிறது. ஆகவே எவ்வளவு ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் வைரஸ் அழியாது. காய்ச்சல் விட்டது என்றால் கிருமிகள் குறைந்துவிட்டன என்று பொருளே தவிர, முற்றிலும் ஒழிந்தன என்று பொருளல்ல. நீங்களாகவே பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். தேவையின்றி உட்கொள்ளும் ஒவ்வொரு முறையும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் நம் உடலில் பெருக வாய்ப்பளிக்கிறோம். பிறகு உண்மையாகவே தேவைப்படும் நாளில் அம்மருந்து பயன்படாமற் போகலாம்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

• மருத்துவர் குறித்த நாட்கள் வரை மாத்திரையை உட்கொள்ளுங்கள். ஒவ்வாமை தோன்றினால் உடனே தெரிவியுங்கள்.

• டாக்சிசைக்ளினை ஒரு தம்ளர் நீருடன் விழுங்குங்கள்; அரை மணி நேரம் படுக்க வேண்டாம். பால், இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து, அமில நீக்கி ஆகியவற்றுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.

• இம்மருந்து உட்கொள்ளும் நாட்களில் வெயிலில் தோல் எளிதில் கன்றிப்போகும். வயலுக்குச் செல்வோர் உடலை மூடிக்கொள்ளுங்கள்.

• கர்ப்பிணிகள் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். மிச்ச மாத்திரையை எவருக்கும் கொடுக்காதீர்கள்.

• காய்ச்சலுடன் வரும்போது, வயலில் இறங்கினீர்களா, கெண்டைக்கால் வலிக்கிறதா, உடலில் எங்கேனும் கருத்த பொருக்கு உள்ளதா என்பவற்றைச் சொல்லுங்கள். கண் மஞ்சளாதல், சிறுநீர் குறைதல், மூச்சுத் திணறல், மனக்குழப்பம் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் அன்றே வந்துவிடுங்கள்.

இரண்டு ரூபாய் மாத்திரையாயினும், அது எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறியப் பலருடைய பல்லாண்டு உழைப்பு தேவைப்பட்டது. அதனை வீணாக்காமல் பயன்படுத்துவது எழுதித் தரும் எங்களுக்கும் உட்கொள்ளும் உங்களுக்கும் பொதுவான கடமை.