இறந்தவர் பெயரும் வாக்காளர் உரிமையும்

இறந்த வேட்பாளரின் பெயர் வாக்குச்சீட்டில் நீடிப்பதை வெறும் நிர்வாகச் சிக்கலாகவே நாம் கருதிவிடுகின்றோம். ஐக்கிய அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் 2000ஆம் ஆண்டு நடைபெற்ற செனற்சபைத் தேர்தல் இக்கருத்தை மீளாய்வு செய்யத் தூண்டுகின்றது. சனநாயகக் கட்சி வேட்பாளரும் மாநில ஆளுநருமான மெல் கார்னகன் ஒக்டோபர் 16இல் விமான விபத்தில் மாண்டார். பெயரை மாற்றுவதற்கான காலவரையறை கடந்திருந்தமையால் நவம்பர் 7இல் அவர் பெயரே சீட்டிலிருந்தது. பதவியிலிருந்த செனற்றர் ஜோன் ஆஷ்குரொஃப்டை அப்பெயர் தோற்கடித்தது.

இதனை அனுதாப வாக்கென்று மாத்திரம் கொள்ளுதல் பொருந்தாது. கார்னகன் வென்றால் அவர் மனைவி ஜீன் கார்னகனை நியமிப்பதாகப் புதிய ஆளுநர் ரோஜர் வில்சன் முன்னரே அறிவித்திருந்தார்; அவ்வாறே நியமித்தார். எனினும் வாக்காளர் நம்பியது ஆளுநரின் வாக்குறுதியையேயன்றிச் சட்டத்தையன்று. ஜீன் கார்னகன் பெயரளவில் மக்கள் தீர்ப்புக்கு உட்பட்டது 2002ஆம் ஆண்டின் இடைத்தேர்தலிலேயாம். அதில் அவர் தோல்வியுற்றார்.

இலங்கையில் 1994 ஒக்டோபரில் சனாதிபதி வேட்பாளர் காமினி திசாநாயக்க குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டபோது, கட்சி அவர் மனைவி சிறீமாவை மாற்று வேட்பாளராக நிறுத்தியது. அவரை ஏற்கவோ மறுக்கவோ வாக்காளருக்கு அன்றே இயன்றது. எனவே, இறந்தவரின் பெயர் சீட்டிலிருப்பதைவிட, தெரிவுசெய்யும் உரிமை நியமிப்பவர் கைக்கு மாறுவதே நாம் கவனிக்கவேண்டிய பிரச்சினையாகும்.